மறுபடியும் பயாப்ஸி என்றால் புற்றுநோயா?

கேள்வி: 68 வயது அம்மாவுக்குக் கையிலும் தொடையிலும் நீர்க்கொப்புளங்கள். தோல் பயாப்ஸி எடுத்தார்கள். 'மாதிரி ஃபார்மலினில் வந்துவிட்டது, இம்யூனோஃப்ளூரசன்ஸ் பார்க்க முடியாது, மறுபடி எடுக்க வேண்டும்' என்கிறார்கள். புற்றுநோயை மறைக்கிறார்களா? அடிக்கடி வெட்டினால் பரவும் என்று இணையத்தில் இருக்கிறது. அரிப்புக்காக வீட்டில் இருந்த ஸ்டீராய்டு மாத்திரையை நான்கு நாளாகக் கொடுக்கிறேன்.

பதில்: புற்றுநோயைத் தேடுவதாக இருந்தால், திசு கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் வந்த அந்த மாதிரியே போதும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்கிவிடும். பரிசோதனையில் விடும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) போய் ஒட்ட வேண்டிய இடம் அதில் மறைந்துபோகும். கட்டிகளுக்கான சாயப் பரிசோதனைகளில், மெல்லிய சீவலைத் தக்க கரைசலில் சூடாக்கி அந்த இடங்களைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கொப்புள நோயில் தேடுவது வேறு. உடலின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்கி, அங்கே படியவைத்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்க வேண்டும்; இம்யூனோஃப்ளூரசன்ஸ் என்பது அதுதான். ஃபார்மலின் பட்ட தோலில் அதை நம்பிச் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு துண்டு எடுப்பது வழக்கம்: கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒன்று ஃபார்மலினுக்கு; பக்கத்தில் நன்றாக இருக்கும் தோலிலிருந்து இன்னொன்று, ஆன்டிபாடியைக் கெடாமல் காக்கும் மைக்கேல் திரவத்துக்கு, அல்லது உடனே உறையவைக்க. அது கிடைக்காவிட்டால் சலைனில் போட்டு ஓரிரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்கலாம். இந்த முறை எடுக்கும் முன், 'இது எந்தத் திரவத்தில் போகிறது?' என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதை எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெட்டினால் பரவும் என்பதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தையலில் ஆறிவிடும் காயம் அது.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அரிப்பு குறைந்தது நோய் குறைந்ததாக ஆகாது. பரிசோதனை முடிவையும் அது குழப்பலாம், சர்க்கரையையும் ஏற்றலாம். மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை நாள் என்று இன்றே அம்மாவின் மருத்துவரிடம் சொல்லுங்கள். இனி கூட்டுவதோ நிறுத்துவதோ அவர் சொல்லித்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அம்மாவின் வாயைப் பாருங்கள். பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் பலருக்கு வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கும். வயிற்றுச் சூடு என்று விட்டுவிடுவார்கள். ஆறாத புண், விழுங்கும்போது வலி, கண் சிவந்து எரிவது, தோல் உரிந்து பச்சைப் புண்ணாகப் பரவுவது, இதில் எது இருந்தாலும் பயாப்ஸி தேதிக்குக் காத்திருக்காதீர்கள். காய்ச்சலும் சேர்ந்தால் அன்று இரவே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.