ராமென் கடைக்கு ஐந்து நட்சத்திரமா, ஒன்றா? யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரிச் சாலைப் பக்கம் புதிதாக ஜப்பானிய ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். நெட்டில் பார்த்தால் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம், பாதிப் பேர் ஒன்று. "சூப் பிசுபிசுன்னு இருக்கு", "நூடுல்ஸ் ரப்பர்", "முட்டை வேகவே இல்லை", "ஒரே உப்பு", "ஆறிப்போய் வந்தது" என்கிறார்கள். நாலு பேர் போனால் இரண்டாயிரம் ஆகிவிடும். போகலாமா?
தஞ்சாவூர் வாசகி

பதில்: இந்த ஐந்து புகாரில் முழுக்கக் கடையின் தலையில் விழுவது கடைசி ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பகுதி, ராமென் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போனவர்களின் ஏமாற்றம்.

சூப்பிலிருந்து ஆரம்பிப்போம். டொன்கொட்சு என்பது பன்றி எலும்பை 8 முதல் 12 மணி நேரம், சில கடைகளில் அதற்கு மேலும், தளதளவென்று கொதிக்க வைத்து எடுப்பது. கோழி எலும்பில் செய்தால் தோரி பைடான். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கோழிதான். எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டின்தான் உதட்டில் ஒட்டுகிறது. ஆட்டுக்கால் பாயா குடித்தவருக்கு இது புதிதல்ல. கொழுப்பு நுண்துளிகளாகக் கலந்துவிடுவதால் சூப் பால்போல் வெளுத்திருக்கும். கடை உண்மையிலேயே எலும்பு கொதிக்க வைக்கிறதா, பொடியைக் கரைத்துச் சோளமாவு போட்டுக் கெட்டியாக்குகிறதா என்று தெரிய வேண்டுமானால், மிஞ்சிய வெள்ளை சூப்பைப் பார்சல் வாங்கி ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எலும்புச் சாறு ஜெல்லியாக உறையும். சூடாக்கினால் மறுபடி இளகும். தெளிவான ஷோயு (சோயா சாஸ்), ஷியோ (உப்பு) வகைகளுக்கு இந்தச் சோதனை சரிவராது.

நூடுல்ஸ் ரப்பர் போலிருக்கக் காரணம் கன்சுயி. சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் கலந்த காரக் கரைசல் அது. அப்பளத்துக்கு நாம் அப்பளக்காரம் சேர்ப்பதில்லையா, அதே வேலைதான். மைதாவுக்கு இழுவையும் மஞ்சள் நிறமும் அதனால் வருகின்றன. நடுவில் மாவு வெள்ளையாகத் தெரிந்தால் வேகவில்லை, திருப்பிக் கொடுக்கலாம். கொழகொழவென்றிருந்தால் ஒன்று சமையல்காரர் தவறு, இல்லை சாப்பிட்டவர் தவறு. மெல்லிய நூடுல்ஸ் சூடான சூப்பில் ஐந்தாறு நிமிடம்தான் தாங்கும். நாலு கோணத்தில் போட்டோ எடுத்துவிட்டு "ஊறிப்போச்சு" என்று எழுதுபவர்களே அதிகம்.

முட்டையில் வெள்ளைக்கரு இறுகி, மஞ்சள் தேன்போல் இருப்பதே முறை. 6 முதல் 7 நிமிடம் வேகவைத்து சோயா சாஸ் கலவையில் ஊறப்போட்டது. வெள்ளைக்கருவே ஓடினால் வாங்காதீர்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள் முழுக்க வெந்ததாகக் கேட்பது நல்லது.

உப்பு பாதிக் குற்றம். கிண்ணத்தின் அடியில் தாரே என்ற உப்புச் சாற்றை ஊற்றி, அதன்மேல் சூப்பை விடுவார்கள். 300 மில்லி சூப்புக்கு 30 மில்லி அளவில் தாரே இருக்கும். கரண்டி சற்றுப் பிசகினாலும் உப்பேறிவிடும். "தாரே குறைவாக" என்று ஆர்டரிலேயே சொல்லுங்கள். சொன்ன பிறகும் கரித்தால் உப்பில்லாத சூப் கொஞ்சம் விடச் சொல்லலாம். சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராம் உப்பு அந்த ஒரு கிண்ணத்திலேயே முடிந்துபோகலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பை மிச்சம் வையுங்கள்.

ஆறிப்போய் வந்ததற்குச் சமாதானமே கிடையாது. கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்காததும், பரிமாற ஆள் போதாததும்தான் காரணம். அந்தக் கருத்தின் தேதியைப் பாருங்கள். திறந்த முதல் வாரத்துக் கூட்டத்தில் எழுதியதென்றால் தள்ளிவிடலாம். ஒரு மாதம் கழித்தும் அதே புகார் வந்தால் போகாதீர்கள். என்ன ராமென், எந்த நாள், என்ன விலை என்று எழுதிய மூன்று நட்சத்திரக் கருத்து ஒன்று, "செம" என்று எழுதிய ஐந்து நட்சத்திரங்கள் பத்துக்குச் சமம்.

கேள்வி: மெனுவில் "வெஜ் ராமென்" என்று இருக்கிறது. நம்பிச் சாப்பிடலாமா?
மயிலாடுதுறை வாசகர்

பதில்: மேலே மிதப்பது காய்கறி என்பதால் மட்டும் அது சைவமாகிவிடாது. தாஷி எனும் அடிச்சாறு பெரும்பாலும் கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுஒபுஷியும் சேர்ந்தது. கட்சுஒபுஷி என்பது புகையூட்டிக் காயவைத்த சூரை மீன். மாசிக் கருவாட்டுக்கு உறவு. தாரேயிலும், சில ரெடிமேட் மிசோ (புளிக்கவைத்த சோயா) விழுதிலும்கூட அது இருக்கும். கேட்க வேண்டியவை: சூப் எதில் கொதித்தது, தாரேயில் மீன் உண்டா, மேலே விடும் வாசனை எண்ணெய் கோழிக் கொழுப்பா, நூடுல்ஸ் மாவில் முட்டை உண்டா, வேகவைக்கும் தண்ணீர் தனியா. பரிமாறுபவர் "எல்லாம் வெஜ்தான் சார்" என்றால் அது பதில் இல்லை. சமையலறையில் கேட்டுவரச் சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்களுக்கு ராமென் அநேகமாக ஒத்துவராது.

கேள்வி: கோழி ராமென் என்றால் ஹலால்தானே?
கூத்தாநல்லூர் வாசகர்

பதில்: கோழிக்குச் சான்று இருந்தாலும் போதாது. முட்டை ஊறும் கலவையிலும் தாரேயிலும் மிரின், சாகே என்ற அரிசி மது வகைகளைச் சேர்ப்பது வழக்கம். இரண்டிலும் ஆல்கஹால் உண்டு. அதே கடையில் பன்றி இறைச்சியும் இருந்தால் பாத்திரம், கரண்டி, நூடுல்ஸ் கூடை தனியா என்றும் கேளுங்கள்.

கேள்வி: பில்லில் 10 சதவீதம் "சர்வீஸ் சார்ஜ்" போட்டார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஐஸ்கிரீம் இலவசம் என்றும் மேஜையில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டும் சரியா?
கும்பகோணம் வாசகர்

பதில்: இரண்டும் சரியில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லை போட்டோ எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐஸ்கிரீம் விஷயத்தில், இணையக் கருத்துகளுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 19000:2022 விலைக்கு வாங்கிய கருத்துகளை வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் அது கட்டாயமல்ல. அப்படிப்பட்ட அட்டை இருக்கும் கடையின் ஐந்து நட்சத்திரங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கேள்வி: திருவாரூருக்குப் பார்சல் வாங்கி வந்தால் கூழாகிவிடுகிறதே?
திருவாரூர் வாசகி

பதில்: சூப், நூடுல்ஸ், முட்டை, கறி எல்லாம் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள்; நூடுல்ஸ் முக்கால் பதமாக வேண்டும். வீட்டில் சூப்பைக் கொதிக்க வையுங்கள். ஒட்டியிருக்கும் நூடுல்ஸை வேறு பாத்திரத்துக் கொதிநீரில் 20 முதல் 30 விநாடி போட்டு, உதறி வடித்த பிறகே சூப்பில் சேருங்கள். தஞ்சையிலிருந்து வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நம் வெயிலில் கோழி சூப்பும் பாதி வெந்த முட்டையும் அவ்வளவு நேரம் தாங்குமா என்பதுதான் பயம். முட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.