சிவப்பு சால்சா: நீங்கள் கேட்டவையும் நான் சொல்பவையும்

நான் உணவியல் ஆலோசகர். கணவர் வேலைக்காக ஏழு வருடம் மெக்சிகோவின் குவாதலஹாராவில் இருந்தோம். சால்சா ரோஹா, அதாவது மெக்சிகோக்காரர்கள் தொட்டுக்கொள்ளும் சிவப்புத் தக்காளி சால்சா, உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, அது நம்ம தக்காளிச் சட்னிதானே? பேர்தானே வேற?

பார்க்க அப்படித்தான் இருக்கும், வாயில் வைத்தால் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் செய்வதைச் சொல்கிறேன். கோமால் என்று நம் தோசைக்கல் மாதிரி ஒன்று. அதைக் காயவைத்து, சொட்டு எண்ணெய்கூட விடாமல் தக்காளி, செரானோ மிளகாய், வெங்காயத் துண்டு, தோலோடு பூண்டு எல்லாவற்றையும் போட்டு, தோல் கருகும்வரை புரட்டுவார். அரைப்பது மொல்காஹெத்தேயில், எரிமலைப் பாறையில் செதுக்கிய மூன்று கால் உரல் அது. முதலில் பூண்டும் கல்லுப்பும், அப்புறம் மிளகாய், கடைசியில்தான் தக்காளி. ஒருநாள் நான் அவசரப்பட்டுத் தக்காளியை முதலில் போட்டுவிட்டேன். சாற்றில் பூண்டு வழுக்கி வழுக்கி ஓடியதே தவிர மசியவே இல்லை. அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதில் தக்காளியும் மிளகாயும்தான் அந்த ஊர்ச் சொத்து. வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவை. நமக்கு மிளகாய் வந்ததும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதானே.

எவ்வளவு சத்து இருக்கு? கணக்கா சொல்லுங்க மேடம்.

100 கிராம் பச்சைத் தக்காளியில், அதாவது சமைக்காத பழத்தில், 18 கலோரிதான். ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராம், பொட்டாசியம் சுமார் 240, நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டாக்கோ (ரொட்டியை மடித்து உள்ளே கறியோ காயோ வைப்பது) மேல் நாம் விடுவது இரண்டு மேசைக்கரண்டி, 30 கிராம். அதில் வைட்டமின் சி நாலு மில்லிகிராம் தேறினால் பெரிது. சால்சாவை மருந்துக் குப்பி மாதிரி பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அதன் உண்மையான பயன் வேறு இடத்தில். வேகவைத்த பீன்ஸும் (காய் இல்லை, நம் ராஜ்மா மாதிரிப் பயறு) டார்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியும்தான் அந்த ஊர் ஏழை வீட்டுச் சாப்பாடு. பீன்ஸில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் ஒட்டாது. பக்கத்தில் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் தக்காளியும் இருந்தால் அவற்றின் வைட்டமின் சி அதை ஒட்டவைக்கும். கூடவே, எண்ணெயும் சீஸும் இல்லாமலே தட்டு காலியாகும்.

பச்சையா நறுக்கிப் போடுறது நல்லதா, சுட்டு அரைக்கிறது நல்லதா?

சுட்டால் வைட்டமின் சி குறையும், லைக்கோபீன் கூடுதலாகக் கிடைக்கும். லைக்கோபீன் என்பது தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமி. சூடு பட்டு, நசுங்கி, செல் சுவர் உடைந்தால் அது எளிதாக வெளியே வரும். அது கொழுப்பில் கரைவது. எண்ணெயில்லாத சால்சாவை மட்டும் சாப்பிட்டால் பாதி வீண். 2005இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வெறும் சால்சா சாப்பிட்டபோது உடம்பு எடுத்துக்கொண்ட லைக்கோபீனைவிட, 150 கிராம் அவகாடோ சேர்த்தபோது எடுத்தது 4.4 மடங்கு. டாக்கோ கடைகளில் சால்சாவும் அவகாடோவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எந்த ஆய்வையும் படித்து வந்த பழக்கம் இல்லை.

புற்றுநோய் வராதுன்னு வாட்ஸ்அப்ல வருதே?

வரட்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்கும் தக்காளிக்கும் தொடர்பு பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் ஆதாரங்களை அலசியது. பலனுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்று சொல்லியே விளம்பர வாசகம் போடலாம் என்றது. அதற்கு மேல் நான் சொன்னால் அது பொய்.

எனக்கு சர்க்கரை இருக்கு. சாப்பிடலாமா?

சால்சாவைத் தாராளமாக. தொட்டுக்கொள்ளும் சிப்ஸைத்தான் எண்ணவேண்டும். 28 கிராம் டார்ட்டியா சிப்ஸ், கை நிறைய ஒருமுறை அள்ளினால் வருவது, 140 கலோரி. டிவி முன்னால் ஒருமுறையோடு யார் நிறுத்துகிறார்கள்? வெள்ளரி, கேரட் குச்சி, சுட்ட கோழி, முட்டை ஆகியவற்றோடு சாப்பிடுங்கள். பாட்டில் சால்சா என்றால் சேர்த்த சர்க்கரை இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள்.

பி.பி.க்கு?

வீட்டில் அரைத்தால் உப்பு உங்கள் கையில். கடை பாட்டிலில் இரண்டு மேசைக்கரண்டிக்கே சோடியம் 200 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். ஒரு நாளைக்கு 2,000க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை பாட்டில் போனால் கணக்கு என்னாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

தக்காளி சாப்பிட்டா கிட்னியில கல்லு வரும்னு மாமியார் தொடவே விடமாட்டேங்கிறாங்க.

மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். தக்காளியில் ஆக்சலேட் கொஞ்சம்தான். பாலக் கீரையில்தான் 100 கிராமுக்குப் பல நூறு மில்லிகிராம். சிறுநீரகச் செயலிழப்பு வேறு விஷயம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தக்காளியின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

நெஞ்செரிச்சல் இருக்கிறவங்க?

தக்காளியின் புளிப்பு, மிளகாய், பூண்டு, வெங்காயம் என நாலும் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். காரத்தைக் குறைக்க விதையைத் தட்டினால் போதாது. மிளகாய்க்குள் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் கேப்சைசின் குடியிருக்கிறது, அதைச் சுரண்டுங்கள். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, பாலோ தயிரோ குடியுங்கள். இன்னொன்று: மெக்சிகோ கடையில் "பீக்கா?" (காரமா?) என்று கேட்டால் "இல்லவே இல்லை" என்பார்கள். நம்பாதீர்கள்.

ஒரு மாசத்துக்குச் சேர்த்து அரைச்சு பாட்டில்ல போட்டு வைக்கலாமா?

வேண்டாம். ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள், மீதியை ஃப்ரீசரில். காற்றுப் புகாமல் மூடிய பாட்டிலில் வெளியே வைக்க, அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். எண் 4.6க்குக் கீழே இருந்தே ஆகவேண்டும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). இல்லையென்றால் பாட்யூலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நச்சு உண்டாகலாம், முகர்ந்தால் தெரியாது. கண்ணளவு போடுகிற நம் கை அங்கே ஆகாது. சமைக்காத சால்சாவை மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். 2008இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா கிருமியால் 1,400 பேருக்கு மேல் படுத்தார்கள். முதலில் தக்காளி மேல் பழி போட்டார்கள், கடைசியில் மாட்டியது ஹலபேன்யோ, செரானோ மிளகாய்கள். மிளகாயையும் நன்றாகக் கழுவுங்கள்.

மொல்காஹெத்தே ஆன்லைன்ல வாங்கினேன், சால்சாவில மண்ணு கடிக்குது!

பழக்காமல் இறக்கிவிட்டீர்கள். ஊறவைக்காத அரிசி ஒரு பிடி போட்டு அரையுங்கள். மாவு சாம்பல் நிறமாக வரும், கொட்டிவிட்டு மறுபடி அரையுங்கள். என்னுடையதில் நாலாவது தடவைதான் மாவு வெள்ளையாக வந்தது. எத்தனை தடவை அரைத்தும் சாம்பலாகவே வந்தால், உங்களுக்கு வந்தது பாறை இல்லை, சிமெண்ட். திருப்பி அனுப்பிவிடுங்கள்.