ஆரஞ்சுச் சட்டையும் தலையணைக்குள் ஒரு ரொட்டித் துண்டும்

கேள்வி: நாங்கள் 1990இல் யாழ்ப்பாணத்தில் வீடு, வளவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு சூட்கேசோடு கனடா வந்தவர்கள். இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இப்போது பேத்தி ஒவ்வொரு செப்டம்பர் 30க்கும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு வந்து, பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் வைத்திருந்த பூர்வகுடிப் பிள்ளைகளின் கதையைச் சொல்லிக் கண்கலங்குகிறாள். நடந்தது அநியாயம்தான். ஆனால் அந்தப் பள்ளிகளை மூடி எவ்வளவு காலம்! அங்கே போகாத பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்ன காயம்? எங்களைப் போல அவர்களும் எழும்பி வரலாமே?
- ஓர் அப்பப்பா, ஸ்கார்புறோ

பதில்: அண்ணா, இது பல வீடுகளில் சாப்பாட்டு மேசையில் பேசப்படுவது. எழுதிக் கேட்டவர் நீங்கள்தான். வினிப்பெக்குக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன். அப்புறம் 26 வருடம் இங்கே தாதியாக வேலை செய்தேன்.

ஒரு கிழவியைப் பற்றிச் சொல்கிறேன். கிறீ என்ற பூர்வகுடி இனத்தவர், எழுபதைத் தாண்டியவர். மூன்று வாரம் எங்கள் வார்டில் இருந்தார். தலையணை உறையை மாற்றப் போனால் உள்ளே ஒரு ரொட்டித் துண்டு காய்ந்து கல்லாகிக் கிடக்கும். எடுத்து எறிந்தால் மறுநாள் இன்னொன்று. காலை ஓட்ஸ் கஞ்சியைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். இரவில் நான் டார்ச் லைட்டோடு போனால் கண்ணைத் திறந்தபடி மரம்போலக் கிடப்பார். அறளை பெயர்ந்துவிட்டது என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். மகள்தான் ஒருநாள் சொன்னார்: "அது ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் பழகினது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதும் வீட்டில் அப்படித்தான் ஒளித்துவைப்பார்."

அரசாங்கம் காசு கொடுக்க, தேவாலயங்கள் நடத்திய வதிவிடப் பாடசாலைகள் அவை. 1920இல் சட்டத்தைத் திருத்திப் பிள்ளைகளை அனுப்பியே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மொத்தம் 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். போன முதல் நாளே முடியை வெட்டுவார்கள், பல இடங்களில் பெயருக்குப் பதில் இலக்கம், தாய்மொழியில் பேசினால் அடி. 1907இல் பீட்டர் பிரைஸ் என்ற அரசாங்க மருத்துவர் அந்தப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார். அவருக்கு விவரம் கொடுத்த 15 பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்துபோயிருந்தார்கள். பெரும்பாலும் காசநோய். காற்றோட்டமில்லாத கூடங்களில் நோயாளிப் பிள்ளையையும் நல்ல பிள்ளையையும் சேர்த்தே படுக்க வைத்திருந்தார்கள். அறிக்கையைக் கிடப்பில் போட்டார்கள், பள்ளிகள் தொடர்ந்தன. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில். அப்போது நீங்கள் ஸ்கார்புறோவில் இருந்தீர்கள், அண்ணா.

போகாத பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டீர்கள். அந்த மகள் அங்கே படித்தவர் அல்லர். அம்மா நேரத்துக்குச் சாப்பாடு போட்டாராம், உடுப்பெல்லாம் பளிச்சென்று இருக்குமாம். ஒருநாளும் கட்டிப்பிடித்ததில்லை. பிள்ளை அழுதால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். கிறீ மொழியில் ஒரு சொல் சொல்லிக் கொடுக்கவில்லை, பிள்ளைக்கு அடி விழும் என்ற பயம். கல்நெஞ்சக்காரி என்றுதான் மகள் வெகுகாலம் நினைத்திருந்தார். மணி அடித்தால் எழும்பி, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் படுத்து வளர்ந்த பிள்ளைக்கு அழுகிற குழந்தையை எப்படித் தேற்றுவது என்று யார் காட்டினார்கள்? நாம் அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அம்மம்மா காலை நீட்டி எங்கள் தம்பியைக் குளிப்பாட்டியதைப் பார்த்துப் பழகினோம். சில குடும்பங்களில் அடுத்தடுத்து மூன்று தலைமுறை அங்கே போயிருக்கிறது. பார்த்துப் பழக வீட்டில் யாரும் மிச்சமில்லை.

நாமும் இழந்தவர்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஷெல் விழுந்தபோது அம்மா என்னை மடிக்குள் அமுக்கிக்கொண்டு பதுங்குகுழியில் இருந்தார். இங்கே பேஸ்மென்டில் குடியிருந்தபோதும் புட்டுக்குழலும் தேவாரமும் திட்ட ஒரு மாமியும் இருந்தார்கள். பூர்வகுடிகளிடம் பறித்ததே அந்த மடியைத்தான். நாம் வந்து எழும்பியதும் அவர்களுடைய நிலத்தில்.

பறிப்பதும் முழுக்க நின்றுவிடவில்லை. 2021 கணக்கெடுப்பில், 14 வயதுவரையான பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். வளர்ப்புப் பராமரிப்பில் (பெற்றோரிடமிருந்து எடுத்து வேறு வீடுகளில் வளர்ப்பது) இருந்த அந்த வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். பெற்றோருக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்லி எடுக்கிறார்கள். தெரியாமல் ஆக்கியது யார் என்று அந்தக் கோப்புகளில் எழுதுவதில்லை. (கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள்.)

எழும்பி வருகிறார்கள், அண்ணா. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தற்கொலைகளை ஆராய்ந்த சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் ஒன்றைக் கவனித்தார்கள். தங்கள் பள்ளி, வைத்தியம், நிலம் ஆகியவற்றைத் தாங்களே நடத்தும் பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு, சிலவற்றில் அறவே இல்லை. பறித்ததைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜூலை முதலாம் தேதி, கனடா தினத்தன்று வாணவேடிக்கை வெடித்தால் என் கணவர் கதிரையைவிட்டுத் தரையில் குந்திவிடுவார். மகன் வினிப்பெக்கில் பிறந்தவன், ஒரு ஷெல் சத்தமும் கேட்டதில்லை. ஐந்து வயதில் முதல் வெடிக்கே அவனும் மேசைக்குக் கீழே போய்விட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: இந்தக் காயம் மரபணு வழியாகவே பிள்ளைக்குப் போகுமாமே, உண்மையா?
- ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: யூத இன அழிப்பில் தப்பியவர்களின் பிள்ளைகளை வைத்துச் சில ஆய்வுகள் வந்திருக்கின்றன. மரபணு மாறுவதில்லை, அது வேலை செய்யும் விதத்தில் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்கள். ஆராய்ந்தது கொஞ்சப் பேரை மட்டும், விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு அந்த ரொட்டித் துண்டே போதுமான விளக்கம்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது. ஆரஞ்சுச் சட்டை ஏன் என்று கேட்கிறான். பிணக்குழி, சாவு என்று சொல்லப் பயமாக இருக்கிறது.
- ஓர் அம்மா, பிரம்டன்

பதில்: இப்போது அதெல்லாம் வேண்டாம், தங்கச்சி. சட்டையின் கதையை மட்டும் சொல்லுங்கள். 1973இல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பிள்ளை பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் அருகே ஒரு மிஷன் வதிவிடப் பள்ளிக்குப் போனாள். முதல் நாளுக்கென்று அவளுடைய பாட்டி புதிதாக ஓர் ஆரஞ்சுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். போனதும் அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கவேயில்லை. ஏழு வயதுக்கு இது நன்றாகவே விளங்கும். பாட்டி ஏன் போய்க் கேட்கவில்லை என்று கேட்பான். கேட்க விடவில்லை என்று சொல்லுங்கள்.

சட்டை வாங்கப் போனால், காசு யாருக்குப் போகிறது என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.