எந்தத் தெருப் பாட்டி? – தஞ்சைப் பெண்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அந்தக் காலத்தில் தஞ்சைப் பெண்கள் வேலைக்குப் போனதில்லை என்கிறார்களே?

எந்தத் தெருப் பாட்டி என்று முதலில் சொல்லுங்கள். அக்ரகாரமா, குடியானத் தெருவா, சேரியா? நிலக்காரரிடம் கட்டுப்பட்டு உழைத்த கூலியாள்தான் பண்ணையாள். அவன் வீட்டில் ஆணோடு பெண்டாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்துதான் பண்ணைக்கு ஆள். விடியும் முன்னே சேற்றில் இறங்கியவளிடம் போய் ‘வேலைக்குப் போனீர்களா’ என்று கேட்டால் சிரிப்பாள்.

கேள்வி: நடவு ஏன் பெண்கள் வேலையானது?

பெண் கை பக்குவம் என்பார்கள். பெண்ணுக்கு நெல்லுக்கூலி குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மில் வருமுன் வீட்டுக்கு அரிசி எப்படி வந்தது?

நல்ல கேள்வி. கொல்லைப்புறத்தில் உரல். கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒருத்தி தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். உலக்கை நுனியில் இரும்புப் பூண். குத்தி, முறத்தில் புடைத்து, உமி தனி, தவிடு தனி, குருணை தனி. புழுங்கல் நெல் என்றால் அவித்துக் காயவைக்கும் வேலை முன்னாலேயே இருக்கிறது, ஆனால் அரிசி அவ்வளவாக உடையாது. பச்சரிசி அப்படியில்லை, நொய் நிறைய விழும். குத்தியவளுக்குக் கூலியோடு அந்த நொய்யும் தவிடும் கிடைத்தால் அன்றைக்கு அவள் வீட்டில் கஞ்சி. முழு அரிசி கூடத்துக்குப் போகும். அவளோ கொல்லை வாசல் தாண்டி உள்ளே வரமாட்டாள். சேரிப் பெண்ணுக்கு அந்தக் கொல்லையும் கிடையாது. மில் வந்ததும் உரல் ஓய்ந்தது, அவள் கூலியும் அதோடு போயிற்று.

மறுப்பு: தவறு. எங்கள் அக்ரகாரத்தில் பாட்டியேதான் குத்தினார்!

இருக்கலாம், யார் இல்லை என்றது? அக்ரகாரம் என்றால் எல்லாரும் நிலம் வைத்த மிராசுதார் இல்லை. புரோகிதர் வீடு, சமையல் வேலை பார்க்கும் பரிசாரகர் வீடு எல்லாம் அதே தெருதான். கணவனை இழந்தவள் அடுத்த வீட்டுக்கு அப்பளம் இட்டு, சமைத்துப் போட்டு வயிறு வளர்த்ததும் அங்கேதான்.

மீண்டும் அவரே: ஆக, எல்லாப் பெண்களும் ஒன்றுபோல் கஷ்டப்பட்டார்கள்?

இல்லை ஐயா. கணவனை இழந்த அக்ரகாரத்துப் பெண்ணுக்குத் தலையை மழித்தார்கள், பண்ணையாளுக்குச் சவுக்கடி. இரண்டும் கொடுமைதான், ஆனால் இரண்டையும் ஒரே முறத்தில் போட்டுப் புடைக்காதீர்கள். இரண்டையும் கண்டு கிளம்பியவர் மணலூர் மணியம்மை. அக்ரகாரத்து விதவை. முடியை வெட்டிக்கொண்டு, வேட்டி கட்டி, விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1953ல் இறந்தார்.

கேள்வி: பண்ணையாள் முறை எப்போது ஒழிந்தது?

தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952ல் வந்தது. சட்டம் வேறு, வயல் வேறு. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு தஞ்சை மாவட்டத்தில் அன்று இருந்த கீழவெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பத்தார் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டோடுதான் இருந்தார்களாமே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சோழர் காலத்தில்?

என் துறை இல்லை. பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடல் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் வீட்டு எண்ணும் வெட்டியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கல்வெட்டு படித்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி வேலைக்கே...

எந்தத் தெரு?