எலைசா (ரத்தத்தில் நோயின் தடயத்தை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) முறையில் சின்ன மாற்றம் செய்தால் காப்புரிமை கிடைக்குமா, "இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே" என்று தள்ளிவிடுவார்களா?

கிடைக்கலாம். நீங்கள் வேலையை முடித்துவிட்டு விண்ணப்பம் எழுதும் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் லேப் நோட்டைத் திறந்து, சொதப்பிய சோதனைகளும் தேதியோடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் கோட்டை விட்டது அங்கேதான்.

சென்னையில் கிட் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் 11 வருடம் இருந்தேன். டெங்கு எலைசா. வீரோ செல்லில் (லேபில் வளர்க்கும் ஒரு குரங்குச் செல்) வளர்த்த வைரஸைக் குழிகள் உள்ள தட்டில் பூசுவோம். டெங்குவே வராத சிலரின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) போட்டாலும் குழி மஞ்சளாகும், பாசிட்டிவ் கன்ட்ரோல் (டெங்கு உறுதியான மாதிரி) பக்கத்தில் வைத்தால் எது எதென்றே தெரியாது. தட்டில் கண்டதும் ஒட்டாமலிருக்கப் போடும் பால்பவுடருக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதம், மூன்று முறை கழுவியதை ஆறு முறை, சீரத்தை இன்னும் நீர்க்கவிட்டு என்று ஏழு மாதம் ஓடியது. கடைசியில் வைரஸ் ஏறாத வெறும் வீரோ செல்லை உடைத்து அந்தச் சாற்றை சீரம் கரைக்கும் பஃபரில் கலந்தோம். செல் குப்பையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆன்டிபாடி (அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம்) எல்லாம் அதிலேயே போய்விட்டது, குழி தெளிந்துவிட்டது.

இதற்குக் காப்புரிமை கேட்டபோது, காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எதிராக எடுத்துப் போட்டது எச்ஐவி சோதனையை. 1985இல் வந்த முதல் சோதனைகளில் வைரஸை எச்9 என்ற மனிதச் செல்லில் வளர்த்தார்கள். அந்தச் செல்லின் எச்எல்ஏ புரதத்துக்கு (ஆளுக்கு ஆள் மாறும் செல் அடையாளம்) ஆன்டிபாடி உள்ளவர்கள், குறிப்பாகப் பல பிரசவம் கண்ட பெண்கள், எச்ஐவி இல்லாமலே பாசிட்டிவ் காட்டினார்கள். காரணம் அப்போதே தெரியும், எனவே டெங்குவில் இதைச் செய்வது துறை தெரிந்தவருக்கு வெளிப்படை என்றார். அவர் தப்பென்று சொல்ல வரவில்லை, கீழே வந்து சண்டைக்கு நிற்காதீர்கள். ஆனால் வெளிப்படை என்றால் ஏன் ஏழு மாதம் ஆயிற்று என்பதை நாங்கள் காகிதத்தில் காட்ட முடியவில்லை.

அமெரிக்காவில் ஹைப்ரிடெக் என்ற நிறுவனத்தின் காப்புரிமை வழக்கு இதே சண்டைதான். இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவே ஆன்டிஜனை (ஆன்டிபாடி ஒட்டும் பொருள்) பிடிக்கும் சாண்ட்விச் முறை பழையது, மோனோகுளோனலும் (எல்லாம் ஒரே மாதிரியான ஆன்டிபாடி) 1975லேயே வந்தாயிற்று, இரண்டையும் சேர்ப்பதில் என்ன இருக்கிறது என்று கீழ் நீதிமன்றம் காப்புரிமையை ரத்து செய்தது. 1986இல் மேல்முறையீட்டில் அது திரும்பியது. முந்தைய கட்டுரைகள் மோனோகுளோனலை முயன்று பார்க்க அழைத்தனவே தவிர, எப்படிச் செய்வதென்று சொல்லவில்லை என்றார்கள். அந்தக் கிட்டுகள் நன்றாக விற்றதையும் கணக்கில் எடுத்தார்கள். 'அவ்வளவு பெரிய வழக்கும் உங்கள் கிட்டும் ஒன்றா' என்று கேட்பீர்கள். இல்லைதான், ஆனால் கேள்வி ஒன்று. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு அங்கேயும் பழையதைச் சேர்த்துக் காப்புரிமை வாங்குவது கடினமாகிவிட்டது, அதையும் மனதில் வையுங்கள். இந்தியாவில் நோயறியும் முறைக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஐ) தனியாகக் குறுக்கே நிற்கும், வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே கேளுங்கள்.

அப்புறம், கேட்காத ஒன்று. வெறும் செல்லைப் போட்டுப் பார்க்கலாமே என்று முதலில் சொன்னது தட்டு கழுவிக்கொண்டிருந்த லேப் உதவியாளர் அக்கா. கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒரு நாளும் லேப் பக்கம் வராத மேலாளர் பெயர் முதலில் இருந்தது, என் பெயர் மூன்றாவதாக. கையெழுத்துப் போடும்போது நான் வாய் திறக்கவில்லை.