கஸ்மாலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது 'மொக்கை' என்று வரும் இடமெல்லாம் 'போரிங்' என்றே போட்டு வருகிறேன். சரிதானா?

எல்லா இடத்திலும் சரிவராது. மொக்கை என்றால் முனை மழுங்கியது. மொக்கைக் கத்தி என்று இன்றும் சொல்கிறோம். அந்த மழுங்கல்தான் ஜோக்குக்கும் போனது. மொக்கை ஜோக்குக்கு ஆங்கிலத்தில் 'லேம் ஜோக்' கச்சிதமாகப் பொருந்தும்: இங்கே முனை மழுங்குகிறது, அங்கே கால் நொண்டுகிறது. ஆனால் உடல்குறையை இளப்பமாகச் சொல்வதாகிறது என்று பலர் இப்போது 'லேம்' என்பதைத் தவிர்க்கிறார்கள். 'கார்னி' என்று எழுதலாம். மொக்கைப் படம் என்றால் 'டட்'. ஒருவர் விடாமல் மொக்கை போடுகிறார் என்றால் 'ட்ரோனிங் ஆன்'.

'கடலை போடுறான்' என்பதற்கு 'ஹிட்டிங் ஆன் ஹர்' என்று எழுதினேன். தோழி சண்டைக்கு வந்துவிட்டாள்.

தோழி பக்கம்தான் நியாயம். 'ஹிட்டிங் ஆன்' ஒருதலையாக நெருங்குவது. பிரிட்டிஷார் சொல்லும் 'சாட்டிங் அப்' கொஞ்சம் மென்மையானது, அதுவும் ஒருதலைதான். கடலைக்கு இரண்டு பேர் வேண்டும், மணிக்கணக்கில் நேரமும் வேண்டும். 'ஃப்ளர்ட்டிங்' போதும்.

வடசென்னைப் பாட்டி பேரனைக் 'கஸ்மாலம்' என்று திட்டுகிறாள். அகராதியில் 'அழுக்கு' என்றுதான் இருக்கிறது.

அது வடமொழியின் 'கச்மலம்'. கீதையின் 2-ஆம் அத்தியாயம் 2-ஆம் சுலோகத்தில், போர்க்களத்தில் சோர்ந்து நிற்கும் அர்ச்சுனனிடம் கண்ணன் சொல்லும் அதே சொல். அங்கிருந்து ராயபுரம் குழாயடிவரை வந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனாலும் மொழிபெயர்க்கும்போது வேர் உங்களுக்கு உதவாது. யார், யாரை, எந்தச் சூட்டில் திட்டுகிறார் என்று பாருங்கள். பேரனைத் திட்டும் பாட்டியின் குரலில் பாசமும் இருக்கிறது, எனவே 'யூ லிட்டில் ரெட்ச்'. குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனை மனைவி அதே சொல்லால் திட்டினால் 'ஸ்கம்'. அதுவும் நீர்மேல் மிதக்கும் அழுக்குதான்.

'பேஜார்'?

பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது, வெறுத்துப்போன நிலை. 'பேஜாராயிட்டேன்' என்றால் 'ஐம் ஃபெட் அப்'. 'ஒரே பேஜாரா பூட்ச்சு' என்றால் 'வாட் எ ஹாஸில்'.

வடசென்னைப் பாத்திரங்களுக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தெருப்பேச்சைக் கொடுக்கலாமா? எடுப்பாக இருக்கிறதே.

தயவுசெய்து வேண்டாம். அந்தப் பேச்சுக்கு ஒரு மண்ணும் வரலாறும் உண்டு. அதை வாசிப்பவர் மனதில் காசிமேடு வராது, நியூயார்க்கின் ஹார்லெம்தான் வரும். நம் ஆள் வாய்திறந்த கணமே தன் ஊரை இழந்துவிடுவார். அதற்காக அவரைக் கல்லூரிப் பேராசிரியர்போல் பேசவைப்பதும் அநியாயம். படங்களின் வசனவரிகளில் (சப்டைட்டில்) இதைப் பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது. வாக்கியங்களைச் சிறிதாக்குங்கள். 'டு நாட்' வேண்டாம், 'டோன்ட்' போடுங்கள். எழுவாயை விழுங்குங்கள். எந்த ஊர் முத்திரையும் இல்லாத பேச்சு ஆங்கிலத்திலேயே தெருவின் வேகம் வந்துவிடும்.

'மச்சான்' என்பதை 'ப்ரோ' ஆக்கலாமா?

இன்றைய கல்லூரிக் கதை என்றால் ஆக்கலாம். 1970-களில் நடக்கும் கதையில் 'ப்ரோ' உறுத்தும், 'மேட்' பரவாயில்லை. நான் பெரும்பாலும் 'மச்சான்' என்றே விட்டுவிடுவேன். இலங்கையில் சிங்கள நண்பர்களே ஒருவரையொருவர் 'மச்சாங்' என்று கூப்பிடுகிறார்கள், அங்கத்திய ஆங்கிலத்திலும் அது புழங்குகிறது. நம் 'ஐயோ' 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. இரண்டு பக்கத்துக்குள் வாசகர் பழகிவிடுவார். அடிக்குறிப்பு மட்டும் வேண்டாம்.

'செம'வுக்கு ஒரே ஒரு சொல் சொல்லுங்களேன்.

ஒரே சொல் கிடையாது. 'செம' தரும் அழுத்தத்தை ஆங்கிலம் பெரும்பாலும் அடுத்த சொல்லுக்குள்ளேயே வைத்துவிடும். செம பசி என்றால் 'ஸ்டார்விங்', செம கூட்டம் 'பேக்ட்', செம கடுப்பு 'ஃப்யூரியஸ்'. தனியாக 'செம!' என்று மட்டும் ஒருவர் சொன்னால் 'ப்ரில்லியன்ட்!' என்று போடுங்கள்.