மாலை கழற்றிய பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் பக்கம் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வயது 43. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். வருடா வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போடுவேன். போட்ட நிமிடத்திலிருந்து சிகரெட் கிடையாது. முதல் மூன்று நாள் தலை கனக்கும், எல்லாரிடமும் எரிந்து விழுவேன், அப்புறம் அந்த ஞாபகமே இருக்காது. ஆனால் மலையிலிருந்து திரும்பும்போது, வேன் கம்பம் தாண்டியதுமே கை துறுதுறுக்கும். வீட்டில் அம்மா மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டீக்கடையில் நிற்பேன். சாமிக்காக முடிகிறது, பிள்ளைகளுக்காக முடியவில்லை. எனக்கு மனவுறுதி போதவில்லையா? மனதைப் பழக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாக்கெட் கணக்கில் புகைப்பவர் 41 நாள் தொடாமல் இருந்தால் அவரை மனவுறுதி இல்லாதவர் என்று சொல்ல முடியாது. மாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, சந்துக்குள் போய் ஊதி, வாய் கொப்பளித்து வரும் சாமிகளும் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ரகமில்லை.

நிக்கோட்டின் நின்றதால் வரும் தொல்லை முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். நீங்கள் மலை இறங்கும்போது அதெல்லாம் முடிந்த கதை. அப்படியென்றால் கம்பத்தில் துறுதுறுத்தது எது?

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரூவன் தாரும் அவருடைய குழுவினரும் 2010ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் பயணத்தின்போது சிகரெட் ஆசை எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது கேட்டுக் குறித்தார்கள். சில மணி நேரக் குறும்பயணம் ஒன்று, பத்து மணி நேரத்துக்கும் மேலான நெடும்பயணம் ஒன்று. நிக்கோட்டின் குறையக் குறைய ஆசை ஏற வேண்டும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. குறும்பயணத்தில் விமானம் தரையிறங்கப் போகும்போது ஆசை உச்சத்தில் இருந்தது. நெடும்பயணத்தில் அதே மணி நேரம் கடந்தபோது அவ்வளவு இல்லை, இறங்கப்போகும் நேரத்தில்தான் ஏறியது. எவ்வளவு நேரம் புகைக்கவில்லை என்பதைவிட, இன்னும் எவ்வளவு நேரத்தில் புகைக்கலாம் என்பதுதான் ஆசையை அதிகம் ஆட்டிவைத்தது. உங்கள் கம்பமும் அதுதான். மனசு அங்கேயே தரையிறங்கத் தொடங்கிவிடுகிறது.

மாலை போட்டிருக்கும்போது உங்களுக்கு வேலை செய்வது பக்தி மட்டுமல்ல. அங்கே பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. 'இன்றைக்கு ஒன்று பிடிக்கலாமா?' என்ற கேள்வி எழுவதில்லை. யாரும் நீட்டுவதுமில்லை, நீட்ட வந்தவரும் 'சாமி, மன்னிச்சிக்கோங்க' என்று கையை இழுத்துக்கொள்வார். பிள்ளைகளுக்காக விடும்போது அப்படியில்லை. காலையில் ஒரு விசாரணை, சாப்பிட்டதும் ஒரு விசாரணை, கடன் வசூலாகவில்லையென்றால் இன்னொன்று. நாள் முழுக்க வாதாடினால் ஏதாவது ஒரு வாய்தாவில் தோற்கத்தான் செய்வோம். ஆகவே பெரிய சபதமெல்லாம் வேண்டாம். இந்த விசாரணைகளைக் குறைக்கப் பாருங்கள்.

எப்படி? இடம், நேரம் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்து பலன் தருவது. 'இன்னது வந்தால் இன்னது செய்வேன்' என்று எழுதிவைப்பது வெறும் உறுதிமொழியைவிட நன்றாக உதவுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உங்கள் சாயங்கால டீக்கடையையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தலை தெரிந்ததும் மாஸ்டர் ஸ்ட்ராங்காக ஒரு டீ போடுவார், பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் கேட்காமலே கிங்ஸ் ஒன்றை உருவி வைப்பார், கயிற்றில் தொங்கும் லைட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இதில் நீங்கள் யோசிக்க ஒரு நொடிகூட இல்லை. அதனால் மாலை கழற்றுவதற்கு முன்பே, விரதத்தில் இருக்கும்போதே, பெட்டிக்கடைக்காரரிடம் 'இனிமேல் எடுத்து வைக்காதீங்கண்ணே' என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு மாதம் டீயை உங்கள் கடைக்கே வரவழைத்துக் குடியுங்கள். சாப்பிட்டதும் பிடிக்கும் வழக்கமென்றால், சாப்பிட்ட கையோடு எழுந்து நடக்க ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

டீயைக் கொஞ்சம் குறைக்கவும் வேண்டும். இது பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள், காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் தணிந்துவிடும், அதே ஆறு டீ ரத்தத்தில் முன்னைவிட அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். 'சிகரெட்டை விட்டதால்தான் நரம்பு தளர்ந்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டு மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு.

இவ்வளவு செய்தும் ஆசை வரும். அப்போது அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஆலன் மார்லட், ஆசையை அலை போலப் பார்க்கச் சொன்னார்: ஏறும், உச்சிக்கு வரும், தானே இறங்கும். பெரும்பாலும் சில நிமிட விவகாரம். தொண்டையிலா, விரல் நுனியிலா, நெஞ்சிலா, எங்கே தெரிகிறது என்று கவனித்துக்கொண்டு சும்மா இருங்கள். நான் விட்ட காலத்தில் எனக்குக் கைகொடுத்தது இதுதான். ஆசை எனக்கு எப்போதும் மேலுதட்டில்தான் வரும், வேடிக்கையாக இருக்கும்.

அதே மார்லட் கவனித்த இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தேவைப்படும். விட்டவர் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிடுகிறார். அவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த ஒன்று இல்லை, 'போச்சு, நான் இவ்வளவுதான்' என்று அப்புறம் வரும் நினைப்பு. அது அவரை மிச்சப் பாக்கெட்டையும் காலி செய்ய வைக்கும். சபதம் எடுத்தவர்களிடம் இது இன்னும் அதிகம், ஏனென்றால் சபதம் உடைந்தால் முழுசாக உடைந்த மாதிரி. 'முதலில் பேச்சுவார்த்தைக்கே இடம் கூடாது என்றீர்கள், இப்போது ஒன்று பிடித்தால் பரவாயில்லை என்கிறீர்களா?' என்று கேட்பீர்கள். பிடிப்பதற்கு முன் 'ஒண்ணே ஒண்ணு' என்பதற்கு அனுமதியே கிடையாது. பிடித்துவிட்ட பிறகு அது ஒரு விபத்து. எந்த இடம், யார் கொடுத்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு அடுத்த மணியிலிருந்து பழையபடி இருங்கள்.

கார்த்திகை வரைக்கும் காத்திருக்கவா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். அதற்கு முன்பே விடுவதானால் அந்த முதல் வாரத்துக்கு மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும். மிட்டாய் போல மென்று விழுங்கினால் விக்கல்தான் வரும். மெதுவாகச் சில தடவை மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் புகையிலையை நிறுத்த உதவும் அரசின் இலவச எண் 1800-11-2356.